மினி டிராக்டருக்கு ஸ்லாஷர் வாங்குறீங்களா? முதல்ல பொருத்தம் பாருங்க!

1/
மினி டிராக்டருக்குப் பின்னாடி மாட்டுற புல் வெட்டும் ஸ்லாஷரை வாங்கப் போறவங்க, வாடகைக்கு எடுக்குறவங்க, ஏற்கனவே வீட்டுல வச்சிருக்கவங்க எல்லாருக்கும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம் தான், பொறுமையா படிங்க.

"டாக்டருக்கு டிராக்டர்ல என்ன வேலை?"ன்னு கேட்கலாம். அந்த மிஷின்ல ஏதாவது தப்பு நடந்தா நேரா வர்ற இடம் அரசு மருத்துவமனை கேஷுவாலிட்டி. அதனால சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கு.

2/
இந்த மாதிரி கேஸ் வந்தா ஏ.ஆர். என்ட்ரியில "இயந்திரத்தில் சிக்கி ஏற்பட்ட காயம்"னு ஒரு வரி எழுதுவோம். கூட வந்தவங்க "கவனக்குறைவு சார்"னு முடிச்சிடுவாங்க.

என் கருத்து வேற. இந்த விபத்துகளுக்கான விதை, டிராக்டருக்குப் பொருந்தாத ஸ்லாஷரை வாங்கி மாட்டுற அன்னைக்கே விழுந்துடுது. அடிபட்ட மனுஷனைக் குறை சொல்லிட்டுப் போனா, அடுத்த வீட்டுலயும் அதே மிஷின் அதே மாதிரி ஓடிக்கிட்டே இருக்கும்.

3/
முதல்ல எங்க ஊர் நிலைமை.

பாகலூர், பேரிகை பக்கம் ரோஜா, தக்காளி, கோஸ், குடைமிளகாய். பெரும்பாலும் சின்னச் சின்ன நிலம். வீட்டுக்கு ஒருத்தராவது ஓசூர் கம்பெனிகளுக்கு ஷிஃப்ட் போறாங்க. களை எடுக்க ஆள் கிடைக்கிறது கஷ்டம். இந்தப் பக்கம் பெங்களூருக்காரங்க வாங்கிப் போட்ட மனைகள்ல பார்த்தீனியமும் உண்ணிச்செடியும் இடுப்பளவு நிக்குது.

அதனால மினி டிராக்டர் வந்தது ரொம்ப நியாயம். ஓசூர்லயே மினி டிராக்டர் தயாரிக்கிற ஆலை இருக்கு. டிராக்டர் வந்தா அடுத்து ரோட்டவேட்டர், அதுக்கடுத்து ஸ்லாஷர்.

4/
நான் மிஷினுக்கு எதிரி இல்லைங்க. பார்த்தீனியத்தைக் கையால பிடுங்குறவங்களுக்கு வர்ற தோல் அலர்ஜி எவ்வளவு கொடுமைன்னு ஓ.பி.யில பார்த்தா தெரியும். கழுத்து, கண் இமை, முழங்கை மடிப்பு எல்லாம் தடிச்சு, வெடிச்சு, வருஷக்கணக்குல அரிக்கும். பூ விடுறதுக்கு முன்னாடி மிஷின்ல வெட்டிட்டா அந்தத் தொல்லை பாதி குறையும்.

மிஷின் வேணும். சரியான மிஷினா இருக்கணும். அவ்வளவு தான்.

5/
ஸ்லாஷர்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: கனமான இரும்புத் தகடு மூடி, அதுக்கு அடியில சுத்துற ரெண்டு மூணு தடிமனான பிளேடு, மேல ஒரு கியர்பாக்ஸ். டிராக்டரோட பின்பக்கம் இருக்கிற பி.டி.ஓ.வில இருந்து ஒரு ஷாஃப்ட் வந்து அந்த கியர்பாக்ஸைச் சுத்த வைக்கும்.

தோள்ல மாட்டி வெட்டுற பிரஷ் கட்டரோட பெரிய அண்ணன்னு வச்சுக்கலாம். ஒரு நாள் வேலையை ஒரு மணி நேரத்துல முடிச்சிடும்.

6/
பொருத்தம் நம்பர் 1: சக்தி.

விளம்பரத்துல போடுறது எஞ்சின் எச்.பி. ஸ்லாஷருக்குப் போய்ச் சேருறது பி.டி.ஓ. எச்.பி. அது தோராயமா எஞ்சின் எச்.பி.யில 85 சதவீதம் தான் இருக்கும்.

புதர், தடிச்ச களை வெட்டணும்னா அகலத்துல ஒரு அடிக்கு 5 பி.டி.ஓ. எச்.பி. வேணும்ங்கிறது பொதுவா சொல்ற கணக்கு. 24 எச்.பி. எஞ்சின்னா பி.டி.ஓ.வில 20 வரும். அதுக்கு 4 அடி ஸ்லாஷர். 18 எச்.பி. எஞ்சின்னா 15 தான் வரும். அதுக்கு 3 அடி. வெறும் புல்லு தான்னா மெதுவான கியர்ல கொஞ்சம் கூடுதலாப் போகலாம்.

7/
ஆனா கடையில என்ன நடக்குது? "5 அடி எடுத்துக்கோங்கண்ணா, ரெண்டு சுத்து குறைவாப் போகும், டீசல் மிச்சம்"ங்கறாங்க. 18 எச்.பி. வண்டியில 5 அடி மிஷினை மாட்டினா புதர்ல எஞ்சின் திணறும். பிளேடு வேகம் குறையும். வேகம் குறைஞ்சா வெட்டாது, புல்லைச் சுருட்டிக்கும். அடைச்சு நிக்கும்.

அடைச்சா டிரைவர் இறங்குவார். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இறங்கணும்னா, ஒவ்வொரு தடவையும் எஞ்சினை ஆஃப் பண்ணி சாவியை எடுக்குறவர் யார் சொல்லுங்க? முதல் தடவை பண்ணுவார். ஏழாவது தடவை காலாலயே உதைச்சு எடுக்கப் பார்ப்பார்.

இதைத் தான் நாம கவனக்குறைவுன்னு எழுதுறோம். இதுல கடைக்காரர் சொன்ன அந்த 5 அடிக்குப் பங்கே இல்லையா?

8/
பொருத்தம் நம்பர் 2: எடை.

"லிஃப்ட் தூக்குதா? தூக்குது. அப்போ சரி"ன்னு நினைக்கிறாங்க. லிஃப்ட் தூக்குறது வேற, முன் சக்கரம் தரையில அழுத்தி நிக்கிறது வேற. ஸ்லாஷர் நீளமான மிஷின். பின்னாடி தள்ளி எடை தொங்கும். சீசா பலகை மாதிரி முன் சக்கரம் லேசாகிடும். ஸ்டீயரிங் திருப்பினாலும் வண்டி திரும்பாது. வரப்பு ஏறும்போது முன்பக்கம் தூக்கும்.

டிராக்டர் எடையில குறைஞ்சது 20 சதவீதமாவது முன் அச்சுல இருக்கணும். 800 கிலோ வண்டின்னா 160 கிலோ. ஸ்லாஷரைத் தூக்கி வச்சுக்கிட்டு முன் சக்கரத்தை மட்டும் எடைமேடையில ஏத்துங்க, தெரிஞ்சிடும். குறைஞ்சா முன்னாடி வெயிட் போடணும்.

9/
பொருத்தம் நம்பர் 3: ஷாஃப்ட் நீளம். இதை மட்டும் ரெண்டு தடவை படிங்க.

பி.டி.ஓ. ஷாஃப்ட் ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழையுற ரெண்டு குழாய். அதுக்கு மேல பிளாஸ்டிக்ல ஒரு கவசம் இருக்கும். உள்ள ஷாஃப்ட் சுத்தும்போது அந்தக் கவசம் சுத்தாம நிக்கும். நிக்கிறதுக்குன்னே சின்னச் சங்கிலி கொடுத்திருப்பாங்க.

பெரிய டிராக்டருக்கு அளவெடுத்த ஷாஃப்ட் மினி டிராக்டருக்கு நீளமா இருக்கும். மாட்டி லிஃப்டைத் தூக்கினா முட்டும், பேரிங் போகும். அதனால வெல்டிங் பட்டறையில கொடுத்து ஷாஃப்டை வெட்டுவாங்க. அது தப்பில்லை. ஆனா அதே அளவுக்குக் கவசத்தையும் வெட்டி, திரும்பப் பூட்டி, சங்கிலி மாட்டணும். அதுக்கு இன்னும் அரை மணி நேரம் ஆகும். "இது எதுக்குண்ணா, தொந்தரவு"ன்னு கழட்டி மூலையில போட்டுடுவாங்க.

அன்னையில இருந்து அந்த வீட்டுல ஒரு அம்மண ஷாஃப்ட் சுத்திக்கிட்டு இருக்கு.

10/
அது எவ்வளவு வேகமா சுத்துது? ஒரு சின்னக் கணக்கு.

பி.டி.ஓ. வேகம் நிமிஷத்துக்கு 540 சுற்று. அதாவது செகண்டுக்கு 9 சுற்று. ஷாஃப்ட் முனையில இருக்கிற கிராஸ் 7 செ.மீ. விட்டம்னு வச்சா, ஒரு சுத்துக்கு 22 செ.மீ. துணியைச் சுருட்டும். ஒரு செகண்டுக்கு 2 மீட்டர்.

சுடிதார் துப்பட்டா ஏறக்குறைய அவ்வளவு நீளம் தான். லுங்கி முழுசா ஒரு சுத்து அவ்வளவு தான். "ஐயோ"ன்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள துணி முடிஞ்சு, உடம்பு ஷாஃப்டுக்கு வந்திருக்கும். இழுத்துப் பிடிச்சு நிக்கிற பலம் எந்த மனுஷனுக்கும் கிடையாது.

11/
அந்தக் காயங்கள் எப்படி இருக்கும்னு சொல்லித் தான் ஆகணும். பயமுறுத்துறதுக்காக இல்லை.

கத்தி வெட்டு மாதிரி நேரா இருக்காது. முறுக்கிப் பிய்ச்ச காயம். கையில தோல் கையுறை மாதிரி உரிஞ்சு வரும். எலும்பு நாலஞ்சு இடத்துல உடையும். நரம்பும் ரத்தக் குழாயும் இழுபட்டு அறுந்திருக்கும், அதனால திரும்ப ஒட்ட வைக்கிறது கஷ்டம். பின்னல் சிக்கினா தலைத்தோல் மொத்தமா வரும். லுங்கி, பேன்ட் சிக்கின ஆண்களுக்குப் பிறப்புறுப்புத் தோல் உரிஞ்சு வர்றது மருத்துவப் புத்தகங்கள்லயே பதிவான காயம்.

இதைச் சரி பண்ண மைக்ரோ சர்ஜரி வேணும். பாகலூர்ல இருந்து ஓசூர், அங்க இருந்து பெங்களூரு. ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு.

12/
பொருத்தம் நம்பர் 4: கிளட்ச்.

ஸ்லாஷர் பிளேடு கனம். ஒரு தடவை வேகம் எடுத்தா சட்டுனு நிக்காது. உங்க டிராக்டர்ல பி.டி.ஓ.வுக்குத் தனி கிளட்ச் இல்லைன்னா, நீங்க கிளட்ச்சை மிதிச்ச பிறகும் சுத்துற பிளேடு பி.டி.ஓ. வழியா சக்கரத்தைத் தள்ளும். வண்டி நிக்கும்னு நினைச்ச இடத்துல நிக்காது. முன்னாடி கிணறோ, மதிலோ, குழந்தையோ இருந்தா?

இதுக்கு மருந்து இருக்கு. ஓவர்ரன்னிங் கிளட்ச்னு ஒரு பாகம். சைக்கிள் ஃப்ரீவீல் மாதிரி, ஒரு பக்கம் மட்டும் தான் தள்ளும். பி.டி.ஓ. முனையிலயே மாட்டிக்கலாம். ஆனா அதை மாட்டினா அந்த அளவுக்கு ஷாஃப்ட் நீளத்தையும் மறுபடி சரி பார்க்கணும்.

13/
பொருத்தம் நம்பர் 5: உடைய வேண்டியது உடையணும்.

கல்லுலயோ கட்டையிலயோ பிளேடு அடிச்சா, ஷியர் போல்ட் உடைஞ்சு மிஷினைக் காப்பாத்தும். வீட்டு ஃபியூஸ் மாதிரி. பெரிய மிஷினை சின்ன வண்டியில மாட்டி அடிக்கடி உடைஞ்சா, எரிச்சல்ல கடினமான போல்ட்டைப் போட்டு முறுக்கிடுவாங்க. அப்புறம் உடையப் போறது ஷாஃப்டோ கியர்பாக்ஸோ பிளேடோ தான்.

லிங்க் பின்னும் இதே கதை. சின்ன டிராக்டர் கேட்டகரி 1, கீழ் பின் 22 மி.மீ. பெரிய வண்டிக்கான கேட்டகரி 2 மிஷினுக்கு 28 மி.மீ. ஓட்டை பெருசா இருக்குன்னு கம்பியும் ஆணியும் வச்சு ஓட்டாதீங்க.

14/
கல் தெறிக்கிறதைப் பத்தியும் சொல்லணும்.

4 அடி ஸ்லாஷர்ல பிளேடு நிமிஷத்துக்கு 800 சுற்று சுத்தினா, பிளேடு நுனியோட வேகம் மணிக்கு 180 கிலோமீட்டர். அது ஒரு ஜல்லியைத் தட்டிவிட்டா எவ்வளவு தூரம் போகும்? பக்கத்துல ஆளே நிக்கக்கூடாதுன்னு அமெரிக்க மிஷின் கையேடுகள் சொல்ற தூரம் 300 அடி.

நம்ம ஊர்ல 300 அடிக்குள்ள ரெண்டு வீடு, ஒரு ரோடு, மாடு மேய்க்கிற பாட்டி எல்லாம் இருப்பாங்க. அதனால முன்னாடியும் பின்னாடியும் சங்கிலித் தடுப்பு இல்லாத ஸ்லாஷரை வாங்கவே வாங்காதீங்க. மனைகள்ல வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை நடந்து போய் கல், பாட்டில், கம்பி பொறுக்குங்க.

15/
இப்போ என் கோபத்துக்கு வர்றேன்.

ஓசூர் கம்பெனிகள்ல வேலை பார்க்குறவங்களுக்குத் தெரியும். சுத்துற பாகம் எதுவா இருந்தாலும் அதுக்கு மூடி இருக்கணும். 2025 வரைக்கும் நடைமுறையில இருந்த 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டம், 21-வது பிரிவு அதைத் தான் சொல்லிச்சு. 22-வது பிரிவு இன்னும் ஒரு படி மேல: ஓடுற மிஷினைப் பரிசோதிக்கணும்னா, அதுக்குன்னு பயிற்சி எடுத்தவர், உடம்போட ஒட்டின உடை போட்டுத் தான் கிட்டப் போகணும்னு அதுல இருந்துச்சு.

கம்பெனியில மூடி கழண்டிருந்தா லைன் நிக்கும், சூப்பர்வைசருக்கு மெமோ வரும். அதே தொழிலாளி வாரலீவுல வீட்டுக்கு வந்து, லுங்கியைக் கட்டிக்கிட்டு, மூடி இல்லாத ஷாஃப்ட் பக்கத்துல நிக்கிறார். கேட்க ஒரு ஆள் இல்லை.

16/
வயலுக்குச் சட்டமே இல்லையான்னா, இருக்கு. 1983-ல அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்துச்சு. அது முக்கியமா கதிரடிக்கிற மிஷின்ல கை போன தொழிலாளிகளை மனசுல வச்சு வந்தது. நல்ல சட்டம். ஆனா வயலுக்கு வந்திருக்கிற மிஷின்கள் இன்னைக்கு மாறிடுச்சு. ஒரு தொழிலாளியோட கை கம்பெனி கேட்டுக்குள்ள ஒரு மதிப்பு, வயல்ல வேற மதிப்பா?

17/
அதனால என் கோரிக்கை மூணு.

ஒண்ணு: ஸ்லாஷர் விக்கிறவர், வாங்குறவரோட டிராக்டர்லயே மாட்டி, லிஃப்டைத் தூக்கி இறக்கி, ஷாஃப்ட் நீளத்தைச் சரி பண்ணி, கவசத்தோட ஓட்டிக் காமிச்ச பிறகு தான் டெலிவரி கொடுக்கணும். கண்ணாடிக் கடையில கூட மூக்குல வச்சுப் பார்த்துத் தானே கொடுக்குறாங்க?

ரெண்டு: வேளாண் கருவிகளுக்கு அரசு மானியம் கொடுக்குது. அந்த ஆய்வுல மிஷின் வந்துச்சான்னு பார்க்குற மாதிரி, அந்த வண்டிக்கு அது பொருந்துதா, ஷாஃப்ட் கவசம் இருக்கான்னும் ஒரு டிக் போடணும்.

மூணு: வாடகை மிஷின்கள். எங்க ஊருக்கு மாலூர், ஆனேக்கல் பக்கம் இருந்தும் எல்லை தாண்டி வண்டி வருது. கவசம் இல்லாத மிஷினை வாடகைக்கு எடுக்க மாட்டோம்னு விவசாயிகள் குழு ஒண்ணு சேர்ந்து சொன்னா, ஒரே சீசன்ல மாறும்.

18/
"அதெல்லாம் செலவு டாக்டர்"னு சொல்வீங்க. ஷாஃப்ட் கவசம் ஒரு பிளாஸ்டிக் குழாய். டிராக்டர், ஸ்லாஷர் விலையோட ஒப்பிட்டா ரொம்பச் சின்னத் தொகை. சரியான அளவு ஸ்லாஷர் பெரிய அளவை விட விலை குறைவு தான், பொருத்தம் பார்த்தா பணம் மிச்சம்.

"எங்க அப்பா முப்பது வருஷமா ஓட்டுறார், ஒண்ணும் ஆகல"ன்னு இன்னொரு பதில் வரும். அப்பா திறமைசாலி தான், மறுக்கல. ஆனா செகண்டுக்கு 9 சுத்து சுத்துற ஷாஃப்டுக்கு அனுபவசாலி யாரு, புதுசு யாருன்னு தெரியாது. அப்பா இருக்கிற அன்னைக்கே பேரனும் அங்க தான் விளையாடிக்கிட்டு இருப்பான்.

19/
கடைக்குப் போறப்ப கேட்க வேண்டிய கேள்விகள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கோங்க.

• என் டிராக்டரோட பி.டி.ஓ. எச்.பி. எவ்வளவு? (மத்தியப் பிரதேசம் புத்னியில இருக்கிற மத்திய அரசு நிலையம் டிராக்டர்களைச் சோதிச்சு அறிக்கை கொடுக்குது, அதுல பி.டி.ஓ. சக்தி இருக்கும்.)
• ஒரு அடிக்கு 5 எச்.பி. கணக்குல இந்த ஸ்லாஷர் அடங்குதா?
• அகலம் என் பின் டயரோட வெளி ஓரம் வரைக்கும் மூடுதா? மூடலைன்னா டயர் மிதிச்ச புல் வெட்டாம நிக்கும்.
• எடை எவ்வளவு? முன் வெயிட் வேணுமா?
• ஷாஃப்ட் என் வண்டிக்கு அளவெடுத்ததா? கவசம், சங்கிலி இருக்கா?
• ஓவர்ரன்னிங் கிளட்ச் வேணுமா?
• ஷியர் போல்ட் என்ன அளவு, என்ன தரம்? ரெண்டு மூணு உபரி கொடுப்பாங்களா?
• கல் தடுக்கிற சங்கிலி முன்னாடி, பின்னாடி இருக்கா?

20/
ஓட்டும்போது:

இறங்குறதுக்கு முன்னாடி பி.டி.ஓ. ஆஃப், எஞ்சின் ஆஃப், சாவி பாக்கெட்ல. பிளேடு நிக்கிற வரைக்கும் காத்திருங்க. தூக்கி வச்ச ஸ்லாஷருக்கு அடியில கட்டை வைக்காம கையை விடாதீங்க. ஷாஃப்டைத் தாண்டிக் கால் போடாதீங்க. லுங்கி, துப்பட்டா, தொங்குற பின்னல், அரைஞாண்ல சாவிக்கொத்து எதுவும் வேண்டாம். மினி டிராக்டர் மட்கார்டுல குழந்தையை உக்கார வைக்காதீங்க.

நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்த காலையில வேண்டவே வேண்டாம். 17 மணி நேரம் தூங்காம இருந்தா, மூளையோட வேகம் ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கிற மாதிரி மந்தமாகும்னு ஆய்வுல பார்த்திருக்காங்க. நம்ம நாட்டுல வண்டி ஓட்ட அனுமதிக்கிற அளவே 0.03 தான். தூங்கி எழுந்து சாயங்காலம் வெட்டுங்க, புல் எங்கேயும் ஓடிப் போகாது.

21/
அப்படியும் அசம்பாவிதம் நடந்தா:

• முதல்ல எஞ்சினை நிறுத்துங்க. சிக்கினவரை எடுக்க ஷாஃப்டை மறுபக்கம் ஓட்டாதீங்க, இழுக்காதீங்க. துணியை அறுங்க. 108-க்குக் கூப்பிடுங்க, ஷாஃப்டைக் கழட்ட வேண்டி வந்தா தீயணைப்புத் துறை 101.
• ரத்தத்துக்குச் சுத்தமான துணி வச்சு அழுத்திப் பிடிங்க, எடுத்து எடுத்துப் பார்க்காதீங்க. கை காலில நிக்கவே இல்லைன்னா காயத்துக்கு மேல அகலமான துணியால இறுக்கிக் கட்டி, கட்டின நேரத்தை எழுதி வைங்க. மஞ்சள், காபித்தூள், மண் எதுவும் போடாதீங்க.
• துண்டான விரல், கை கிடைச்சா ஈரமான சுத்தத் துணியில சுத்தி, பாலிதீன் கவர்ல போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் தண்ணியில வைங்க. நேரா ஐஸ்ல போடாதீங்க. விரலுக்குக் கொஞ்சம் நேரம் இருக்கும், தசை உள்ள கைக்கு 6 மணி நேரம் தான் கணக்கு.
• கண்ணுல கல் பட்டா கசக்காதீங்க, அழுத்தாதீங்க, எடுக்க முயற்சி பண்ணாதீங்க. பேப்பர் கப்பால மூடிட்டு வாங்க.
• மண்ணும் கிரீஸும் கலந்த காயம், டெட்டனஸ் ஊசி கட்டாயம். அரசு மருத்துவமனையில இலவசம்.

22/
இதைப் படிக்கிறவங்கள்ல பாதிப் பேராவது ஏதோ ஒரு கம்பெனியில வேலை பார்ப்பீங்க, வீட்டுல கொஞ்சம் நிலமும் இருக்கும். இந்த வாரலீவுல ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குங்க. கம்பெனியில மிஷினைப் பார்க்குற அதே கண்ணோட உங்க டிராக்டர் ஷெட்டுக்குள்ள போய்ப் பாருங்க. ஷாஃப்ட் மேல கவசம் இருக்கா? இல்லைன்னா அந்த மூலையில தேடுங்க, கிடைச்சா மாட்டுங்க, கிடைக்கலைன்னா புதுசு வாங்குங்க. அதுவரைக்கும் ஸ்லாஷரை ஓட்டாதீங்க.

உங்க ஊர் வாட்ஸ்அப் குரூப்ல, டிராக்டர் வச்சிருக்க மாமா, சித்தப்பா, அண்ணன்களுக்கு அனுப்புங்க. சந்தேகம் இருந்தா கமென்ட்ல கேளுங்க. காயம் பத்தினது எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன், மிஷின் பத்தினதுக்கு இங்கேயே நல்ல மெக்கானிக்குகள் இருக்கீங்க, நீங்களும் பதில் சொல்லுங்க.